பின் பிரேக்: ஷெல்டன் பிரவுன் சொன்னதும், நாம் அதைச் சுருக்கிக்கொண்டதும்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து பிரேக் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் ஷெல்டன் பிரவுன் பெயரைச் சொல்லிவிடுவார். 1944-ல் பிறந்து 2008-ல் மறைந்த இந்த அமெரிக்க மெக்கானிக், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, சைக்கிள் பற்றி ஒரு கலைக்களஞ்சியத்தையே எழுதி வைத்துவிட்டுப் போனார். என் போன்ற அமெச்சூர்களுக்கு அவர் ஆசான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

அவருடைய 'பிரேக்கிங் அண்ட் டர்னிங்' கட்டுரைதான் இந்தக் குறிப்பின் பொருள். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கட்டுரையை நம் ஆட்கள் ஒரே வரியாகச் சுருக்கி வைத்திருக்கிறார்களே, "நிறுத்துறதுக்கு முன் பிரேக் போதும், பின் பிரேக் சும்மா பேருக்கு" என்று, அந்த வரிதான் பொருள். எடை அதிகமுள்ள ஒருவர் "என் ரோடு பைக்கில் பின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் இந்த வரியைத்தான் பதிலாகத் தூக்கிப் போடுகிறார்கள். நான் 98 கிலோ. சைக்கிள், தண்ணீர், டூல் பை எல்லாம் சேர்த்தால் 110. ஒரு கடையில் இன்னும் ஒரு படி மேலே போய், "வெயிட்டைக் குறைங்க சார், பிரேக் தானா பிடிக்கும்" என்றார்கள். எடையைக் குறைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலை இறங்க வேண்டியவனுக்கு அது பதில் ஆகாது.

கட்டுரையில் சரியாக இருப்பது

முதலில் ஆசானுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். அவர் வாதம் இதுதான். பிரேக் பிடிக்கும்போது உடல் பாரம் முன்னால் சாய்கிறது. பலமாகப் பிடிக்கப் பிடிக்கப் பின் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் குறைகிறது. முன் பிரேக்கின் உச்சத்தில் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் நிலைக்கு வந்துவிடும். தரையில் பாரம் இல்லாத சக்கரத்துக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை. ஆகவே காய்ந்த, நல்ல ரோட்டில், மிகக் குறைந்த தூரத்தில் நிற்க வேண்டுமானால் முன் பிரேக் ஒன்றே போதும்.

இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு அச்சுக்கும் நடுவே 1 மீட்டர். நமது ஈர்ப்பு மையம் முன் அச்சுக்கு 57 செ.மீ. பின்னால், தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரோடு பைக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இது நியாயமான எண். 57-ஐ 110-ஆல் வகுத்தால் 0.52. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனால் பின் சக்கரம் கிளம்பிவிடும். இதற்கு மேல் எந்தப் பிரேக்காலும் நிறுத்த முடியாது, குப்புற விழத்தான் முடியும். பின் பிரேக் மட்டும் பிடித்தால்? டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால், அதிகபட்சம் 0.24 ஜி. பாதிக்கும் குறைவு. மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து முன் பிரேக்கால் ஏழு மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் பதினைந்து மீட்டர் ஆகும். ஆசான் சொன்னது சரி.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் எங்குமே எடை வரவில்லை. 55 கிலோ பையனுக்கும் 110 கிலோ ஆளுக்கும் அதே 0.52, அதே 0.24. பாரம் கூடினால் நிறுத்த வேண்டிய விசையும் கூடுகிறது, டயர் ரோட்டைப் பிடிக்கும் விசையும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் அடிபட்டுப் போய்விடும். "குண்டாக இருந்தால் சறுக்கும்" என்று சொல்பவர்கள் பத்தாம் வகுப்பு இயற்பியலை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்.

சுருக்கும்போது கழன்று விழுந்தவை

கட்டுரை அத்தோடு முடியவில்லை. பின் பிரேக் எப்போது தேவை என்று அவரே ஒரு பட்டியல் கொடுக்கிறார்: வழுக்கும் தரை, மேடு பள்ளமான ரோடு, முன் டயர் பஞ்சர், முன் பிரேக் கேபிள் அறுந்துபோவது, நீண்ட மலை இறக்கம். நம் ஊர் ஓட்டுநருக்கு இந்தப் பட்டியல் அடிக்குறிப்பு அல்ல, தினசரி வாழ்க்கை. மழைக்காலத்தில் ஓட்டுகிறோம், ஓரத்தில் மணல் ஒதுங்கிய ரோட்டில் ஓட்டுகிறோம், சொல்லாமல் கொள்ளாமல் வரும் வேகத்தடையில் இறங்குகிறோம்.

வழுக்கும் தரைக்கும் அதே கணக்கைப் போடலாம். உராய்வுக் கெழு 0.8-லிருந்து 0.4-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இப்போது குப்புற விழும் எல்லைக்கு முன்பே டயர் சறுக்கிவிடும். முன் பிரேக் மட்டும் பிடித்தால் கிடைப்பது 0.31 ஜி. இரண்டையும் சரியான அளவில் பிடித்தால் 0.40 ஜி. 30 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க முதலாவதில் பதினொன்றரை மீட்டர், இரண்டாவதில் ஒன்பதுக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டே முக்கால் மீட்டர் வித்தியாசம், ஒன்றரை சைக்கிள் நீளம். பஸ்ஸின் பின்பக்கத்துக்கு முன்னால் அந்த ஒன்றரை சைக்கிள் நீளம் ரொம்பப் பெரிய விஷயம். 'பேருக்கு' இருக்கும் பிரேக் இந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்று. "பின் பிரேக்கின் பங்கு பூஜ்யம்" என்பது அந்த 0.52 உச்சத்தில் மட்டும்தான் உண்மை. நாம் தினமும் பிடிக்கும் பிரேக் 0.2, 0.3 ஜிதான். 0.3 ஜியில் பின் சக்கரத்தின் மேல் இன்னும் மொத்த பாரத்தில் 24 சதவீதம் இருக்கிறது. காய்ந்த ரோட்டில் தேவையான விசையில் பாதிக்கு மேல் பின் சக்கரமே தர முடியும். அவசர நிறுத்தத்துக்கான வாதத்தை எடுத்து எல்லா நிறுத்தத்துக்கும் ஒட்டவைத்தது ஆசான் அல்ல, நாம்.

கட்டுரை தொடாத இடம்: கை

இதுவரை நான் குறை சொன்னது சுருக்கியவர்களை. இனி கட்டுரையையே கொஞ்சம் கேள்வி கேட்கிறேன். டயர் எவ்வளவு தாங்கும் என்பதை அது பார்க்கிறது. லிவரைப் பிடிக்கும் விரல் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்ப்பதில்லை. எடை உள்ளே நுழைவது அந்த வாசல் வழியாகத்தான்.

0.24 ஜி என்பது எல்லோருக்கும் ஒன்று. ஆனால் அதை உண்டாக்க வேண்டிய விசை ஒன்றல்ல. மொத்தம் 80 கிலோவுக்கு 188 நியூட்டன், 110 கிலோவுக்கு 259. அதாவது 37 சதவீதம் கூடுதல். டயர் அதைத் தரத் தயாராக இருக்கிறது. ஆனால் லிவர், கேபிள், கேலிப்பர், பிரேக் கட்டை என்ற சங்கிலி வழியாக அந்த விசை வந்து சேர வேண்டும். லிவர் நீளம் என் எடையைப் பார்த்து மாறுவதில்லை. என் விரலுக்கு 37 சதவீதம் கூடுதல் பலமும் இல்லை. கீபோர்டு தட்டி வளர்ந்த விரல்!

பிரேக் தயாரிப்பாளர்கள் இதை எப்படி அணுகினார்கள் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் கம்பாக்னோலோ. இந்த இத்தாலியக் கம்பெனி சில காலம் முன்னால் டூயல் பிவட் கேலிப்பரும் பின்னால் வேண்டுமென்றே பலம் குறைந்த சிங்கிள் பிவட் கேலிப்பரும் ஜோடியாகக் கொடுத்தது. காரணம் தெளிவு: பின் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், அதற்குப் பலமான பிரேக் எதற்கு, எடையும் மிச்சம். 60 கிலோ பந்தய வீரருக்கு இது அருமையான வாதம். சைக்கிளோடு 68 கிலோ. அவர் லேசாகத் தொட்டாலே பின் சக்கரம் லாக் ஆகும். என் 110 கிலோவுக்கு அதே சக்கரத்தை லாக் செய்ய 1.6 மடங்கு விசை வேண்டும். அவருக்கு அளவான பிரேக் எனக்குப் பற்றாக்குறை. "பின் பிரேக் ரொம்ப நல்லா இருந்தா ஆபத்து" என்ற எச்சரிக்கையும் இப்படித்தான், யாருடைய எடைக்குச் சொல்லப்பட்டது என்று கேட்காமல் நாம் வாங்கி வைத்துக்கொண்டது.

வில்லன் கேலிப்பர் அல்ல, கேபிள்

பின் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கடையில் முதலில் காட்டுவது விலை கூடிய கேலிப்பர். நான் முதலில் பார்க்கச் சொல்வது கேபிளை.

மாட்டுக் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், முரட்டுக் காளையைக்கூட ஒரு சின்னப் பையன் பிடித்து நிறுத்திவிடுவான். கயிறு மரத்தோடு உரசும் ஒவ்வொரு சுற்றும் இழுவிசையைத் தின்கிறது. இதற்கு 'கேப்ஸ்டன் சமன்பாடு' என்று பெயர். பிரேக் கேபிளிலும் அதே கதைதான், ஆனால் இங்கே அது நமக்கு எதிராக வேலை செய்கிறது. நாம் காளையின் பக்கம், பிரேக் கட்டை பையனின் பக்கம்.

இந்தச் சமன்பாட்டில் ஒரு வேடிக்கை. கேபிளின் நீளம் இதில் வராது. மொத்தம் எத்தனை டிகிரி வளைகிறது என்பதுதான் வரும். முன் பிரேக் கேபிள் லிவரிலிருந்து கிளம்பி, ஹேண்டில்பாரைச் சுற்றி, கேலிப்பருக்குள் இறங்க சுமார் 180 டிகிரி திரும்புகிறது. பின் கேபிள் அதற்கு மேல் டாப் டியூப் பக்கம் திரும்ப வேண்டும், கடைசியில் சீட்டுக்குக் கீழே ஒரு பெரிய வளைவு போட்டு கேலிப்பருக்குள் இறங்க வேண்டும். மொத்தம் 360 டிகிரி என்று வைப்போம்.

கேபிளுக்கும் அவுட்டருக்கும் உராய்வுக் கெழு 0.1 என்றால், முன்னால் நாம் இழுத்ததில் 73 சதவீதம் போய்ச் சேரும். பின்னால் 53 சதவீதம்தான். பாதி விசை வழியிலேயே செத்துவிட்டது. அதே கெழுவை 0.05-க்கு இறக்கினால் முன்னால் 85, பின்னால் 73. இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, நல்ல கேபிள் போட்ட பின் பிரேக் அழுக்குக் கேபிள் போட்ட முன் பிரேக்குக்குச் சமம். இரண்டு, 53-லிருந்து 73-க்குப் போவது 37 சதவீத முன்னேற்றம். என் எடை 80 கிலோக்காரரைவிடக் கூடுதலாகக் கேட்ட அந்த 37 சதவீதம் இதிலேயே கிடைத்துவிடுகிறது! எண்கள் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தியது நான் எடுத்துக்கொண்ட உதாரணத்தின் ராசி. உங்கள் சைக்கிளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அளவு இதுதான்: எடை கேட்பதும் கேபிள் தின்பதும் ஒரே தரத்தில் இருக்கும் தொகைகள்.

நீளம் வேறு விதத்தில் கெடுக்கிறது. சாதாரண பிரேக் அவுட்டர் என்பது ஸ்பிரிங் மாதிரி சுற்றிய கம்பி. அழுத்தினால் சுருங்கும். நீளம் கூடக் கூடச் சுருக்கமும் கூடும். எடை அதிகமானவர் பலமாக அழுத்துவதால் அவருக்குத்தான் இது முதலில் தெரியும்: கட்டை ரிம்மைத் தொட்ட பிறகும் லிவர் ஹேண்டில்பாரை நோக்கி வந்துகொண்டே இருக்கும். கேபிளை முழுக்கச் சட்டத்துக்கு உள்ளே ஒளித்து வைக்கும் புது மாடல்களில், கேபிள் வகைப் பிரேக் இருந்தால், வளைவும் நீளமும் இரண்டுமே கூடிவிடும். அழகுக்குக் கொடுக்கும் விலை.

எந்த வரிசையில் செய்யலாம்

செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பித்து எழுதுகிறேன். ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பக் தேடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று: ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். செயினுக்கு விட்ட எண்ணெய் தெறிப்பது பின் ரிம்மில்தான். கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னினால் உப்புத்தாளில் தேயுங்கள். இதற்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இரண்டு: பின் பிரேக்கின் இன்னர், அவுட்டர் இரண்டையும் மாற்றுங்கள். உள்ளே பிளாஸ்டிக் லைனர் உள்ள அவுட்டர், வழவழப்பான ஸ்டெயின்லெஸ் இன்னர். அவுட்டரை வெட்டும்போது முனை நசுங்கக் கூடாது. வெட்டிய பிறகு அரத்தால் தட்டையாக்கி, லைனரின் வாயை ஊசியால் திறந்துவிட வேண்டும். முனை கோணலாக இருந்தால் ஒவ்வொரு அழுத்தலிலும் அது கொஞ்சம் நகரும், லிவர் தொளதொளக்கும். வளைவுகள் தேவைக்கு மேல் பெரிதாகவும் வேண்டாம், ஹேண்டில் திருப்பினால் இழுபடும் அளவுக்குச் சின்னதாகவும் வேண்டாம். இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் பிரேக்குக்கென்றே செய்த, சுருங்காத வகை அவுட்டர் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: கியர் அவுட்டரும் சுருங்காதுதான். ஆனால் அதைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. பலமாக அழுத்தும்போது வெடித்துப் பிரிந்துவிடும், அதாவது பிரேக் மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்.

மூன்று: பிரேக் கட்டை. சைக்கிளோடு வந்த கட்டை பெரும்பாலும் சீக்கிரம் தேயாமல் இருப்பதற்காகச் செய்தது. கூல்-ஸ்டாப் மாதிரி கம்பெனிகளின் மென்மையான, மழைக்கு ஏற்ற கட்டை போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். ரிம் குரோம் பூசிய எஃகு என்றால், எந்தக் கட்டை போட்டாலும் ஈரத்தில் உராய்வு கடுமையாகச் சரியும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது ரிம்தான்.

நான்கு: லிவரும் கேலிப்பரும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா? வி-பிரேக்குக்கான லிவர் அதிகக் கேபிளை இழுக்கும், குறைந்த விசையைத் தரும். அதைச் சாதாரண கேலிப்பரோடு கட்டினால் லிவர் விறைப்பாக இருக்கும், ஆனால் பலமாக இழுத்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஒரே கம்பெனியிலும் தலைமுறைக்குத் தலைமுறை இந்த விகிதம் மாறியிருக்கிறது. கட்டை கேலிப்பர் ஸ்லாட்டின் அடிமட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நெம்புகோல் பலமும் குறையும், கேலிப்பர் கையும் வளையும். உங்கள் சட்டத்துக்குப் பொருந்துமென்றால் குட்டையான கை உள்ள டூயல் பிவட் கேலிப்பர் வாங்குவது இந்தக் கட்டத்தில்தான் நியாயம், முதல் கட்டத்தில் அல்ல.

ஐந்து: கை வைக்கும் இடம். ஹூட் மேலிருந்து பிடித்தால் விரல் லிவரின் அச்சுக்குப் பக்கத்தில் விழுகிறது. டிராப்பில் இறங்கிப் பிடித்தால் லிவரின் நுனி கிடைக்கும், அதே விரல் பலத்துக்குக் கணிசமாகக் கூடுதல் விசை. வயிறு இடிக்கிறது, டிராப்புக்குப் போக முடியவில்லை என்றால் ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு: பல ரோடு பைக்குகள் முன்னால் 160 மி.மீ. ரோட்டர், பின்னால் 140 என்றே வருகின்றன. கம்பாக்னோலோவின் அதே பழைய தர்க்கம். சட்டமும் கேலிப்பரும் அனுமதித்தால் பின்னாலும் 160 போடலாம். அதே அழுத்தத்துக்கு 14 சதவீதம் கூடுதல் பிடி, சூட்டைத் தாங்க அதிக உலோகம்.

சூடு

நீண்ட இறக்கத்துக்கு ஆசான் சொல்வது: இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்காமல் மாற்றி மாற்றிப் பிடி. கைக்கு ஓய்வு கிடைக்கும் என்பது சரி. ஆனால் சூட்டுக்கு இது எவ்வளவு உதவும்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையை எடுத்துக்கொள்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 20 கி.மீ., இறங்கும் உயரம் சுமார் 1,000 மீட்டர். சராசரிச் சரிவு 5 சதவீதம். 110 கிலோ அந்த உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 10 லட்சம் ஜூலுக்கு மேல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக்குக்கு.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நிதானமாக இறங்கினால், 110 கிலோவுக்கு பிரேக் உறிஞ்ச வேண்டியது சுமார் 240 வாட். 80 கிலோவுக்கு 150. எடை 37 சதவீதம் கூடினால் பிரேக்கின் சூடு 60 சதவீதம் கூடுகிறது. ஏனென்றால் காற்றுத் தடை எடைக்கு ஏற்பக் கூடுவதில்லை. ஒல்லியானவருக்குக் காற்றே பாதி பிரேக். நமக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது.

வேகத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எந்த வேகத்தில் பிரேக் அதிகமாகச் சூடாகும் என்று தேடினால், 110 கிலோவுக்கு இந்தச் சரிவில் விடை மணிக்கு 28 கி.மீ. பயந்து பயந்து, பிரேக்கைத் தேய்த்தபடியே இறங்குகிறவர் போகும் அதே வேகம்! 18 கி.மீ.க்குக் குறைத்தால் 200 வாட். 45-க்கு விட்டால் நேர்ப்பாதையில் வெறும் 65 வாட், காற்றே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் 15-க்கு இறக்கும் கணக்கைச் சேர்த்தாலும் மொத்தச் சூடு பாதிக்கும் குறைவு. அதற்காக எல்லோரும் 45-ல் போங்கள் என்று சொல்லவில்லை. எதிரே பஸ் வரும், ரோடு நனைந்திருக்கும். பார்வை தெளிவாக உள்ள நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து, பிறகு முழுக்க விடுவது ஒரு வழி. அது முடியாத இடத்தில் மெதுவாகப் போய், நடுவில் இரண்டு மூன்று தடவை நின்று, டீ குடித்துவிட்டு இறங்குவது இன்னொரு வழி.

மாற்றி மாற்றிப் பிடிப்பதற்கு வருகிறேன். 240 வாட்டை இரண்டு ரிம்மும் பங்கு போட்டால் சராசரி 120. ஒரே நேரத்தில் பிடித்தாலும் சரி, மாற்றிப் பிடித்தாலும் சரி, சராசரி அதேதான். முன் பிரேக்கை மட்டும் பிடிப்பதோடு ஒப்பிட்டால்தான் பாதி. இந்தப் பங்கீடு நடக்க வேண்டுமானால் பின் பிரேக் அந்தப் பங்கை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பின் பிரேக் மந்தமாக இருந்தால் கை தன்னையறியாமல் முன் பிரேக்கைத் தேடும், முன் ரிம் சூடாகும். அலுமினிய ரிம் என்றால் டியூப் ஒட்டுப் போட்ட இடத்தில் விடும், டயர் வெடிக்கலாம். கார்பன் ரிம் என்றால் ரெசினே இளகலாம். பின் டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டிலே நம் கையில் இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் தேய்ப்பு வேலையைப் பின் பிரேக்குக்கு அதிகம் கொடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

சைக்கிள் உலகத்துக்கு இது தெரியாததும் அல்ல. இரண்டு பேர் ஓட்டும் டேண்டம் சைக்கிள்களில், ஜப்பானின் அராய் டிரம் பிரேக்கை மூன்றாவது பிரேக்காகப் பின் சக்கரத்தில் மாட்டுவார்கள். நிறுத்துவதற்காக அல்ல, மலை இறக்கத்தில் சூட்டை வாங்கிக்கொள்வதற்காக. எடை கூடினால் பின் பிரேக்கின் வேலையே மாறுகிறது என்பதை அந்த டிரம் ஒத்துக்கொள்கிறது. ஒற்றை ஆளே கனமாக இருக்கும்போது மட்டும் நாம் ஒத்துக்கொள்ள மறுக்கிறோம்.

ஒரு சோதனை

காலி மைதானம் அல்லது வண்டி வராத காய்ந்த, சமமான ரோடு. மணிக்கு 20 கி.மீ. வேகம். ஒரு சாக்பீஸ் கோடு. கோட்டைத் தொட்டதும் பின் பிரேக் மட்டும், சீட்டில் உட்கார்ந்தபடி, ஹூட் மேலிருந்து. கணக்குப்படி சுமார் ஆறரை மீட்டரில் நிற்க வேண்டும். கை தாமதத்துக்குக் கொஞ்சம் சேர்த்து எட்டு மீட்டர் வரை சரி. இந்த எண்ணில் எடை இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள். 60 கிலோவுக்கும் எட்டுதான், 120 கிலோவுக்கும் எட்டுதான். பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் ஆகிறது, விரல் வலிக்க இழுத்தும் சக்கரம் லாக் ஆகும் பக்கமே போகவில்லை என்றால், குறை உங்கள் உடம்பில் இல்லை. லிவருக்கும் ரிம்முக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மேலே உள்ள பட்டியலில் முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஷெல்டன் பிரவுனின் கட்டுரையை முழுசாகப் படியுங்கள், முன் பிரேக்கைப் பழகுங்கள். அதில் நான் சேர்க்க விரும்புவது ஒரே ஒரு வரி: பின் சக்கரத்தை லாக் செய்ய முடிகிற பிரேக் எல்லோரிடமும் இருக்கிறது என்று அந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கனமானவர்கள் பலரிடம் அது இல்லை. கொஞ்சம் வேலை செய்தால் வரும்.

சோதித்துப் பார்த்தவர்கள் மொத்த எடை, பிரேக் வகை, நின்ற தூரம் மூன்றையும் எழுதி அனுப்பினால் அடுத்த குறிப்பில் அட்டவணையாகப் போடுகிறேன். கேபிள் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளந்திருந்தால் இன்னும் நல்லது.